பிளக்கோடு கட்டிய ஸ்பேனர்

எங்கள் தெருவில் அதிகாரம் மிக்க பதவி என்று ஒன்று உண்டென்றால், அது வாடகைக் கடை முடிச்சக்காவுடையது. ஏணி, ட்ரில், கட்டிங் மெஷின் எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். காசு கொடுத்தால் மட்டும் கிடைக்காது. பரீட்சையில் தேற வேண்டும்.

கட்டிங் மெஷின் மேஜைமேல் பாகம் பாகமாகக் கிடக்கும். கேட்டு வந்தவரேதான் பூட்ட வேண்டும். பிளேடு மூடியின் அடைத்த பக்கம் தன்னைப் பார்த்து இருக்கும்படி இறுக்கி, பக்கக் கைப்பிடியைத் திருகி, பிளேடில் விரிசல் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்து மாட்டி, நட்டை ஸ்பேனரால் முடுக்க வேண்டும். ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே பிளக். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு, உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துச் சற்று நேரம் சும்மா ஓடவிட வேண்டும். தலை நரைத்த கொத்தனார்களும் இங்கே மூக்கில் வேர்வையோடு நிற்பார்கள். தேறியவருக்கு ஒரு தலையசைப்பு. தவறியவருக்கு, "கழட்டுங்க, மொதல்லேர்ந்து."

இதையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்த முடிச்சு. பிளேடு மாற்றும் ஸ்பேனரை, வயரின் மறுகோடியில், பிளக்கை ஒட்டி நைலான் கயிற்றால் கட்டிவைத்திருப்பார். பிளக்கைப் பிடுங்கி எடுத்து வந்தால்தான் ஸ்பேனர் பிளேடுக்கு எட்டும். பெயர் அப்படித்தான் வந்தது. இதன் பின்னால் ஏதோ சோகக் கதை இருக்கும் என்று தெருவே துருவிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மனிதர்களின் மூளைமேல் நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான்.

முடிச்சு எதிர்ப்பு இயக்கத்துக்குத் தலைவர், அக்காவின் சொந்தத் தங்கை வீட்டுக்காரர். டைல்ஸ் ஒட்டுபவர். "மாடு கட்டற கயித்தை மெஷினுக்குக் கட்டியிருக்காங்க" என்று டீக்கடை தவறாமல் பிரசாரம் செய்வார். ஆனாலும் அவிழ்க்கத் துணிவு வரவில்லை. அவிழ்த்தால் அவருக்கு முன்பே சேதி அவர் வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும். அங்கே நடக்கும் விசாரணையில் ஜாமீன் கிடையாது.

ஒரு நாள் மாடி வீட்டுக் குளியலறையில் அக்காவின் மெஷினால், குழாய்க்கு இடம்விட்டு டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார். பாதியில் கரண்ட் போய்விட்டது. பிளேடும் தேய்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் புதுசு மாட்டிவிடலாம் என்று நினைத்தார். புத்திசாலித்தனமான யோசனை. கரண்ட்டே இல்லாதபோது பிளக்கைப் பிடுங்குவானேன்? ஆனால் ஸ்பேனர் கூடத்தில், பிளக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவையும் அவர் கடையையும் அவர் கயிறு வாங்கிய நாளையும் வாயாரத் திட்டிக்கொண்டே போய்ப் பிளக்கைப் பிடுங்கி வந்தார். மெஷினை மடியில் வைத்து, இடது கையால் பிளேடைப் பிடித்து, நட்டில் ஸ்பேனரைப் போட்டார்.

கரண்ட் வந்தது.

கூடத்து விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, பக்கத்து வீட்டு டிவி பாதி வசனத்தில் அலறியது. மெஷின் மட்டும் மடியில் பூனைக்குட்டிபோல் படுத்திருந்தது. டைல்ஸ்காரர் குனிந்து அதன் ஸ்விட்ச்சைப் பார்த்தார். முன்னால் தள்ளி, பூட்டியபடியே இருந்தது. கரண்ட் போனபோது அவர் அணைக்கவே இல்லை.

வேலை எவ்வளவு தூரம் என்று கேட்க வந்த வீட்டுக்காரம்மா, இவர் ஈரத் தரையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் கடைக்கு வந்தார். பேச்சில் யாருக்கும் முந்திக்கொள்ளும் மனிதர், மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார்.

"என்ன மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? பிளேடு ஒடஞ்சிருச்சா?"

"இல்லக்கா. பிளேடு கழட்டிட்டு இருந்தேன். கரண்ட் வந்துருச்சு."

"ஸ்விட்ச்சு?"

"போட்டபடியே இருந்துச்சு."

அக்கா டைல்ஸ்காரரின் கைகள் இரண்டையும் இழுத்து மேஜைமேல் வைத்து, திரும்பி வந்த மெஷினைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு விரலையும் தொட்டார். தங்கை வீட்டு அரிசியும் அடுப்பும் அந்தப் பத்தில்தான் இருந்தன.

டைல்ஸ்காரர் பையிலிருந்து தன் சொந்த ட்ரில்லை எடுத்து வைத்தார். "இதோட பிட்டு மாத்தற சாவியையும் பிளக்கோட கட்டிக் குடுத்துருங்கக்கா."

அக்கா கயிற்றை எடுத்தார். ஊரையே கட்டிப்போட்ட கைக்கு அன்று முடிச்சு விழவில்லை; இரண்டு தடவை போட்டும் நழுவியது. கடைசியில் கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, டைல்ஸ்காரரே கட்டினார். தேறவில்லை என்று அக்கா தலையாட்டினார். இருவரும் சிரித்துவிட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டினார்கள்.