வாசித்தவர் ஒருவர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'பதினொருவர்'. இருந்ததோ ஏழு பேர். மீதி நாலு பேரைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் நாங்கள் கிரிக்கெட் ஆடுவதில்லை. அணி தெரிவு செய்வதோடு சரி. பந்தைக் கையில் கொடுத்தால் ஏழு பேருக்கும் தோள் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொழும்பிலும் மும்பையிலும் தெரிவுக்குழுக்காரர்கள் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று மொன்றியலில் இருந்து கேட்க எங்களுக்கு வாய் இருந்தது.

நாணயம் சுண்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பதினொரு பேரைக் குழுவில் போட்டுவிட வேண்டும். பிறகு மாற்றக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நண்பரின் பேஸ்மென்ட்டில் கூடுவோம். இலங்கையில் பொழுதுபட்டு மைதானத்தில் விளக்கு எரியும் நேரம் இங்கே காலை ஒன்பது, ஒன்பதரை. பூசைக்குப் போகிறவர்கள் முதல் பூசையை முடித்துக்கொண்டு நேரே பேஸ்மென்ட்டுக்கு வந்துவிடுவோம்.

பெரும்பாலானவர்கள் இந்தியா பக்கம். ஒருவர், இந்தியா தோற்க வேண்டும் என்பதற்காகவே பாகிஸ்தான் பக்கம். இலங்கை பக்கம் இருந்தவர் ஒரே ஒருவர், என்னைவிட நாலு வயது மூத்தவர், டாக்ஸி ஓட்டுபவர். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மாதா கோயிலில் எனக்கும் அவருக்கும் ஒரே பங்கு, உட்காருவதும் ஒரே வாங்கு. நான் இந்தியா என்று சொல்லிக்கொள்வேன். இலங்கை தோற்ற நாளில் எனக்கு ஏன் சாப்பாடு இறங்குவதில்லை என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் இளவேனிலில் இலங்கை அணியிலிருந்து ஒரு மூத்த ஆட்டக்காரரை நீக்கினார்கள். ஐந்தாவதாக இறங்குபவர். அவருக்கே அது செய்தியைப் பார்த்துத்தான் தெரியவந்ததாம். அன்று பேஸ்மென்ட்டில் இந்தியாக்காரர், பாகிஸ்தான்காரர் எல்லோரும் ஒரே கட்சி. தெரிவுக்குழுவை வாயில் வந்தபடி திட்டினோம். அண்ணை மட்டும் சத்தம் போடவில்லை.

"நீக்கட்டும். வயசு போனா நீக்கத்தானே வேணும். போனிலை ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தாள் கேக்கிறது அவ்வளவுதான்," என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன் என்று ஞாபகம்.

மூன்று கிழமை கழித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம். தொலைக்காட்சியில் இலங்கையின் தேசிய கீதம் போனது. வழக்கமாக அந்த நேரம் யாராவது பக்கோடாத் தட்டை நீட்டுவார்கள், யாராவது எழுந்து கழிவறைக்குப் போவார்கள். அன்று அண்ணை கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் தம்பியைக் கடைசி யுத்தத்தில் தொலைத்தவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"கொடியைக் கண்டோடனை கோப்பையைக் கீழை வைச்சிட்டீர். எழும்பி நிக்கிறதுதான் மிச்சம்," என்றார்.

"சுட்டது, வைச்சனான்," என்றார் அண்ணை.

ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தம்பியைத் தொலைத்தவர் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அண்ணை பின்னால் போய்க் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த நாள் பேஸ்மென்ட் வீட்டுக்காரர் புதிய குழு ஒன்று தொடங்கினார். அதில் ஆறு பேர். பழைய குழுவிலிருந்து யாரும் விலக வேண்டாம், விலகினால் அண்ணைக்குத் தெரிந்துவிடும், ஓரமாக ஒதுக்கி வையுங்கள் என்று ஏற்பாடு. தம்பியைத் தொலைத்தவரின் மனம் ஆறும்வரைதான் என்று சொல்லிக்கொண்டோம். அண்ணையிடம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அவரோடு நெருக்கம் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்துவிட்டது, கொஞ்ச நாளைக்குக் கூட முடியாது என்றேன். அந்த வருடம் மழையில் பல வீடுகளில் தண்ணீர் வந்தது, பொய் சுலபமாக வழுக்கிக்கொண்டு போனது.

"என்னட்டைப் பம்ப் ஒண்டு கிடக்கு. கொண்டு வரட்டோ?" என்று கேட்டார்.

வேண்டாம் அண்ணை, இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கிறார்கள் என்றேன்.

அதன் பிறகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பழைய குழுவில் அவருடைய அணி வந்துகொண்டிருந்தது. நாணயம் சுண்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பே, இலக்கம் போட்டு, பதினொரு பேர். நீக்கப்பட்ட அந்த மூத்தவர் ஒவ்வொரு முறையும் ஐந்தாம் இடத்தில் இருந்தார். அவர் ஓய்வை அறிவித்த பிறகும் இருந்தார். அணிக்குக் கீழே சில நாள் ஒரு வரி இருக்கும்: ஆடுகளம் காய்ந்து கிடக்கிறது, சுழலுக்கு இன்னொருவர் வேண்டும் என்பதுபோல. ஒருவரும் பதில் போடவில்லை. மற்றவர்கள் அதைத் திறப்பதே இல்லை. நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன். வாசித்துவிட்டுப் புதிய குழுவுக்குப் போய் என் அணியைப் போடுவேன். அண்ணையின் பட்டியலில் இருந்து ஒன்றிரண்டு யோசனையைத் திருடியும் இருக்கிறேன்.

கோயிலில் நான் பின் வாங்குக்கு மாறிவிட்டேன். ஏழு மாதம் இப்படிப் போனது.

மார்கழியில் ஒரு நாள், டாக்ஸியைத் திருத்தக் கொடுத்துவிட்டு அவர் ஜோன்-தலோன் வீதியில் பஸ்ஸுக்கு நின்றார். நான் கண்டு விலக முன் அவர் கண்டுவிட்டார். குளிருக்குக் கழுத்துத்துணியை மூக்குவரை சுற்றியிருந்தார். சுகம் விசாரித்தார். மனைவியை, பிள்ளைகளை விசாரித்தார். பிறகு, பேஸ்மென்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அந்த ஞாயிறே பம்பைக் கொண்டு வந்தனான். வாசல்லை எல்லாற்றை சப்பாத்துகளும் கழட்டினபடி கிடந்தது. உம்மடையும் கிடந்தது."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் பிறகும் அணி போட்டீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"போட்ட மெசேஜை அமத்திப் பிடிச்சா ஆர் வாசிச்சது எண்டு காட்டும். மகள்தான் காட்டித் தந்தவள். எப்பவும் உம்மடை பேர் மட்டும்தான் இருக்கும். இண்டைக்கு ஒரு சொல்லுப் போடுவீர், நாளைக்குப் போடுவீர் எண்டு பாத்தனான்."

பஸ் வந்தது. பின்னால் நின்ற கிழவிக்கு வழி விட்டு, பிறகு ஏறினார். கை காட்டினார் என்று நினைக்கிறேன், கண்ணாடி பனிபிடித்திருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு அவருடைய அணி வரவில்லை. நாணயம் சுண்டும்வரை கைபேசியை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தன்று, பழைய குழுவில் நானே ஓர் அணியைப் போட்டேன். இலங்கை அணி. ஐந்தாம் இடத்தில் அந்த மூத்தவர். மன்னிப்பு என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதி, அழித்து, வெறும் பதினொரு பெயர்களை அனுப்பினேன்.

பிறகு அதை அமத்திப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் வாசித்திருந்தார். அவர் பெயர் மட்டும். பதில் இல்லை.

இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போடுகிறேன். ஒவ்வொன்றையும் அவர் வாசிக்கிறார். ஒரு சொல் வருகிறதா என்று அன்று முழுக்க வேலையிடத்தில் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஏழு மாதம் அந்த மனிதர் எப்படித் தாங்கினார் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் கேட்டிருக்கக்கூடியது ஒரு கோல்தான். அவருடைய தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடம். நான் இன்னும் அணிதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.