நாப்பதில் போகிறவர் வாங்கிய டர்போ வண்டி

போடியில் கண்ணுச்சாமி கடை எது என்று கேட்டால் நாலு பேர் நாலு கடையைக் காட்டுவார்கள். ‘நாப்பது’ கண்ணுச்சாமி கடை என்று கேளுங்கள், எல்லாக் கையும் ஒரே பக்கம் நீளும். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, பெரிய காய், நடுக்காய், வெடித்த காய் என்று தரம் பிரித்துக் கொடுக்கிற கடை அது. கண்ணுச்சாமிக்கு வயது ஐம்பத்து நாலு. நாப்பது என்பது அவர் காரோட்டும் வேகம். அதுவும் தேனி ரோட்டில், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாத மத்தியானத்தில்தான். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறிவிட்டால் இருபதுக்கு மேல் முள் நகராது.

இந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் வெளியாள் இல்லை, சொந்த மச்சினன். மனைவி சுஜாதாவின் தம்பி பாண்டித்துரை. சிலமலையில் வீடு. விடிந்ததும் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் பறக்கிறவன். “மாமா வண்டிக்குப் பின்னாடி மாட்டுனமுன்னா, பொம்பளைக எறங்கி நடந்தே தோட்டம் போய்ச் சேந்துருவாக” என்று ஒரு கல்யாணப் பந்தியில் அவன் எடுத்துவிட்டான். பந்தியே சிரித்தது. அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை விழவில்லை.

கண்ணுச்சாமிக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினார். அவர் சுபாவம் அப்படி.

மலை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். கண்ணுச்சாமி இறங்கும்போதும் வழிவிடுவார், ஏறும்போதும் வழிவிடுவார். பூப்பாறைப் பக்கம் அவருக்கு மூணு ஏக்கர் ஏலத்தோட்டம். வாரத்துக்கு இரண்டு தடவை பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிறார். ஜீப்பின் ஹாரன் கேட்டால் போதும், மலைச்சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடுவார். அப்படி ஒட்டி ஒட்டியே பன்னிரண்டு வருஷத்து வெள்ளைக் காரின் இடப்பக்கம் அடிபட்ட பித்தளைக் குடம் மாதிரி ஆகியிருந்தது.

ஆனால் அந்தக் காயங்களில் ஒன்றுக்குக்கூட அவர் இன்சூரன்சில் காசு கேட்டதில்லை. கைக்காசைக் கொடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்வார். காரணம் இருந்தது. ஒரு வருஷம் ஒன்றும் கேட்காமல் இருந்தால் மறு வருஷம் இருபது சதவீதம் தள்ளுபடி. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். ஐந்து வருஷம் சுத்தமாக இருந்தால் ஐம்பது. அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. எட்டாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தாறு வாங்கியதோடு படிப்பை முடித்த மனுஷனுக்கு, வாழ்க்கையில் ஒரு காகிதம் ‘நீதான் முதல்’ என்று சொன்னது அப்போதுதான். ஒவ்வொரு வருஷத்துப் பாலிசியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த ஐம்பதைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒருமுறையாவது சொல்லாமல் காபி கொடுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் சிவப்பு நிறத்தில் டர்போ கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். பம்பரில் கறுப்புக் கோடு, பின்னால் சின்ன இறக்கை, விளையாட்டுப் பையன்கள் ஓட்டுகிற ரகம்.

சுஜாதா படத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். “நாப்பதுல போறதுக்கு எதுக்குங்க ரெக்கை?”

“வேகமாப் போறதுக்கு இல்லடி. நின்னு கெளம்புறதுக்கு.”

அது உண்மைதான். ஏற்றத்தில் வழிவிட்டு நின்றால் திரும்பக் கிளப்ப வேண்டுமே. பழைய காருக்கு மூச்சு வாங்கும். கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரை மிதித்து, பின்னால் உருள, சுஜாதா முருகனைக் கூப்பிட, கருகல் வாடையோடு ஒரு முழம் நகரும். டர்போவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று தேனியிலிருந்து வாங்கிவந்து மூன்றாவது வளைவில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தார். முனகாமல் ஏறியது. அங்கேயே மனசு விழுந்துவிட்டது. சிவப்பு நிறம் தனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய காரை என்ன செய்வது? ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிப்போகிற பாண்டித்துரைக்குப் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிப்போக ஒரு வண்டி இல்லை. ஒரு நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நடுவில் சாவியை வைத்து நீட்டினார். மச்சினன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். காகிதமா? கையெழுத்தா? மச்சினனுக்குக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குகிறவனை ஊர் என்ன சொல்லும்!

மூணு மாசம் கழித்து, இன்னும் இரண்டு வாரத்தில் புது வண்டி வந்துவிடும் என்று ஷோரூமில் சொன்னார்கள். கண்ணுச்சாமி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆலியாவின் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். அவள் அப்பா நாகூர் கனி காலத்திலிருந்து அங்கேதான் பாலிசி போடுகிறார். ஆலியா கம்ப்யூட்டரில் தட்டித் தொகையைச் சொன்னாள். பழைய வண்டிக்குக் கட்டியது ஏழாயிரத்துச் சொச்சம். இதற்கு நாற்பத்தாறாயிரம்.

கண்ணுச்சாமி கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“தாயி, ஓட்டுறவன் நான்தானே? வண்டி மாறுனா நான் மாறிப்போவேனா? இதையும் நாப்பதுலதான ஓட்டப் போறேன்?”

ஆலியா சிரித்துவிட்டாள். “அண்ணே, இதுல ரெண்டு பாகம் இருக்கு. நம்ம வண்டியால அடுத்தவுகளுக்கு ஏதாச்சும் ஆனாக் குடுக்குறது ஒண்ணு. அதை இஞ்சின் அளவ வச்சுப் போடுவாங்க. டர்போவுக்கு இஞ்சின் சின்னதுதான். வருசக் கணக்குக்கு ஒங்க பழைய வண்டியவிடக் கம்மி. புது வண்டிங்கிறதால மூணு வருசத்துக்கும் சேத்துக் கட்டணும், அவ்வளவுதான்.”

“பாத்தியா!” என்று நிமிர்ந்தார்.

“இருங்க. நம்ம வண்டிக்கே அடிபட்டாக் குடுக்குறது ரெண்டாவது. அது வண்டி வெலைய வச்சு. இந்த லைட்டு ஒடஞ்சா மொத்தமா மாத்தணும், பழசு மாதிரி தட்டி நிமித்த முடியாது. அங்கதான் ஏறுது. கம்பெனிக்கு வண்டியத்தான் தெரியும்ணே, ஒங்களத் தெரியாது.”

அவர் முகம் தொங்கியதைப் பார்த்து ஆலியா குரலைத் தணித்தாள். “ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒங்களத் தெரியும். அந்த அம்பது. அது வண்டியோடது இல்ல, ஒங்களோடது. புது வண்டிக்கும் கூடவே வரும். போட்டா முப்பத்திரண்டாயிரத்துல நிக்கும். பழைய வண்டி பேரு மாத்துன பேப்பரக் கொண்டாங்க, கம்பெனிகிட்ட அந்த அம்பதுக்கு ஒரு கடிதம் வாங்கிருவோம்.”

“பேரு மாத்தலையே தாயி.”

“ஏண்ணே, பழச வித்துட்டீங்கதானே?”

“விக்கல. மச்சினனுக்குக் குடுத்தேன்.”

ஆலியா பேனாவை மூடி வைத்தாள். “அண்ணே, வண்டி இன்னும் ஒங்க பேர்ல, பாலிசியும் ஒங்க பேர்ல. மாத்துற வரைக்கும் அந்த அம்பது பழைய வண்டியிலயே கட்டிக் கெடக்கும். அதுக்குள்ள ஒங்க மச்சினன் எங்கயாச்சும் முட்டிட்டு ஒரு கிளெய்ம் போட்டாருன்னா, அதுவும் போயிரும். பூஜ்யம்.”

பாண்டித்துரை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூஜ்யம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று தெரியும். பதினாலாயிரம் போவது ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று காப்பாற்றியதை, மூணு மாசமாக அந்த வேகக்காரன் கையில் அல்லவா கொடுத்து வைத்திருக்கிறார்! அன்றைக்குக் காய் தரம் பிரித்ததில் பெரிய காயும் வெடித்த காயும் ஒரே மூட்டைக்குள் போய்விட்டன. கடைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கையெழுத்துக் கேட்பதா வேண்டாமா என்று நாலு நாள் புரண்டார். “கேட்டா என்னைய நம்பலையான்னு கேப்பான்டி.” சுஜாதாவுக்குத் தம்பியைத் தெரியும், ஆனாலும் அவளுக்கும் தயக்கம்தான். “அவனுக்கு மூக்குமேல கோவம் வரும். நீங்களே பக்குவமாப் பேசுங்க.” இப்படிப் பொறுப்பைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேர் மாற்றுகிற பாரத்தைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சிலமலைக்குப் பஸ் ஏறினார். பாண்டித்துரை வாசலில் அதே வெள்ளைக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். “வாங்க மாமா!” என்று வாளியைப் போட்டுவிட்டு, காருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். கண்ணுச்சாமிக்கு அது என்னவோ போல இருந்தது. எட்டிப் பார்த்தார்.

இடப்பக்கம் வழவழவென்று இருந்தது. பன்னிரண்டு வருஷக் காயங்களில் ஒன்றைக்கூடக் காணோம். இரண்டு கதவும் புதுசு, பெயின்ட்டும் புதுசு.

“என்ன மாப்ளே, எல்லாம் புதுசா இருக்கு?”

“சும்மா மாமா... கொஞ்சம் அழகுபடுத்துவோம்னு...”

ஜீப்பின் நாலு டயரும் மொட்டையாக இருக்கும்போது அழகைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவன். மோரோடு வெளியே வந்த அவன் பெண்டாட்டி ராக்குவுக்குப் பொய் பழக்கமில்லை. “எதுக்கு மறைக்கிறீக? டிராக்டர் டிரெய்லர்ல கொண்டுபோய் விட்டாக அண்ணே. ரெண்டு கதவும் உள்ள போயிருச்சு. நல்லவேள, ஆளுக்கு ஒண்ணுமில்ல. இருவத்திரண்டாயிரம் தண்டம்.”

கண்ணுச்சாமி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். போச்சு. ஐம்பது போச்சு. பீரோவில் இருக்கிற பன்னிரண்டு காகிதமும் இனி வெறும் காகிதம்.

“இன்சூரன்சுல கேட்டியா மாப்ளே?” என்று கேட்டார்.

பாண்டித்துரை ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். “ஒர்க்‌ஷாப்புல சொன்னாங்க மாமா. பாலிசி உசுரோடதான் இருக்கு, ஓனரு ஒரு கையெழுத்துப் போட்டா நீங்க பெருசா ஒண்ணும் கட்ட வேண்டியதில்லைன்னு. நாந்தான் வேணாம்னுட்டேன். ஜீப்புக்கு டயரு மாத்த வச்சிருந்த காசு, எடுத்துக் கட்டிட்டேன்.”

“ஏன்டா?”

“என்ன மாமா கேக்குறீக? ஒங்க வீட்டுல காபி குடிக்க வந்தவுக ஒருத்தருக்கு விடாம அந்த அம்பதச் சொல்லுவீக. எத்தன தடவ கேட்டிருக்கேன்! நாப்பதுன்னு பேரு வச்சவன் நானு. அம்பதையும் நானே அழிச்சேன்னா மனுசனா நானு?”

கண்ணுச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, துண்டை எடுத்து வெளிப்படையாகவே துடைத்துக்கொண்டார். இவனைப் பற்றியா நாலு நாளாக அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. பணத்தைத் தானே தருவதாக ஆரம்பித்தார்.

“காசுப் பேச்சு எடுத்தீக, சாவியத் தட்டுல வச்சுத் திருப்பிக் கொண்டாந்துருவேன்.”

பையிலிருந்து பாரத்தை எடுக்கத்தான் இப்போது முன்னைவிடக் கூச்சமாக இருந்தது. மோரை இரண்டு தடவை குடித்துவிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

“கையெழுத்தா? இதுக்கா மூஞ்சிய இப்புடித் தூக்கிக்கிட்டு வந்தீக? கொண்டாங்க வெரசா.” காரின் பானட்டில் வைத்தே போட்டான். போட்டுவிட்டுக் கேட்டான், “அப்ப இந்த வண்டிக்கு எனக்கு எத்தன மாமா கெடைக்கும்?”

“ஒனக்குப் பூஜ்யம் மாப்ளே. வண்டியோட வராது. அது ஆளோட வரும்.”

“முட்டாம ஒரு வருசம் ஓட்டுனா?”

“இருவது.”

பாண்டித்துரை பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

புது வண்டி வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, நாப்பதில் ஊருக்குள் நுழைந்தது. ஊர் சிரித்தது. முப்பத்திரண்டாயிரத்துப் பாலிசி பதின்மூன்றாவது உறைக்குள் போனது. பழைய வண்டி பாண்டித்துரை பேருக்கு மாறியது. கண்ணுச்சாமி ஜீப்புக்கு நாலு டயர் வாங்கி, தட்டில் வெற்றிலை பாக்கோடு அனுப்பினார். தட்டில் வந்ததை எப்படித் திருப்புவது? மச்சினன் அன்றைக்கே நாலையும் மாட்டிக்கொண்டான்.

ஒரு மாசம் கழித்து, காய் எடுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் கறிச்சோறு ஆக்குவதாக ஏற்பாடு. முன்னால் வெள்ளைக் காரில் பாண்டித்துரை குடும்பம், பின்னால் சிவப்பு டர்போவில் கண்ணுச்சாமியும் சுஜாதாவும். முந்தலைத் தாண்டியதும் கண்ணுச்சாமி முள்ளைப் பார்த்தார். பதினெட்டு. முன்னால் போகிற வண்டி அதற்கு மேல் போக விடவில்லை.

ஐந்தாவது வளைவில் மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் உரிமை. ஆனாலும் வெள்ளைக் கார் ஒதுங்கி நின்றது, சுவரில் படாமல் ஒரு ஜாண் விட்டு. ஜீப்காரன் தலையை நீட்டி, “என்னண்ணே, ஒங்க மாமா காத்து அடிச்சிருச்சா?” என்று கத்திவிட்டுப் போனான். பிறகு வெள்ளைக் கார் முனகி, கொஞ்சம் பின்னால் உருண்டு, கருகல் வாடையோடு நகர்ந்தது. டர்போ சத்தமில்லாமல் கிளம்பியது.

அடுத்த வளைவிலும் அதே கதை. சுஜாதாவுக்குப் பொறுக்கவில்லை. “சோறு ஆக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும் போல. ஒரு ஹாரன் அடிங்களேன்.”

கண்ணுச்சாமி ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“பேசாம வாடி. அவனுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு.”