பலாக்கொட்டை பறித்த முன்பல்

போன வாரம் நெய்வேலிக்குப் போகிற வழியில் பேருந்து பண்ருட்டியில் நின்றது. முன் இருக்கையில் யாரோ சுட்ட பலாக்கொட்டைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வாசனை வந்ததுமே என் நாக்கு முன்பல்லைத் தடவிப் பார்த்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், என்ன செய்ய!

அந்தப் பல்லுக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு, தெரியுமா? ஏழு வயதில் நான் டிவி நட்சத்திரம். தினமும் மாலையில் ஓடிய சீரியலில், கொடுமைக்கார அத்தையிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை நான்தான். வாரக் கடைசியில் சென்னையில் படப்பிடிப்பு. மற்ற நாளெல்லாம் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடம். கடைவீதியில் பெண்கள் கன்னத்தைத் தடவி, "அந்த அத்தக்காரி இன்னிக்கும் அடிச்சாளா கண்ணு?" என்று கலங்குவார்கள். நான் பெருமையாகத் தலையாட்டுவேன். எவ்வளவு தலைக்கனம் பாருங்கள்!

நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மட்டும் சீரியல் கிடைக்காது. மதியம் போனால் ராத்திரிதான் வீடு. மறுநாள் காலை எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டில் ஐந்தாறு பேர் நிற்பார்கள். முதல் ஆள் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா. "நேத்து என்னாச்சி பாப்பா?" என்பார். அவ்வளவுதான், பள்ளிச் சீருடையோடு அத்தையும் நானே, அழுகிற பிள்ளையும் நானே.

ஒரு படப்பிடிப்புக்கு முந்தின நாள், அம்மா தடுத்தும் கேட்காமல் பலாக்கொட்டையைக் கடித்தேன். முன்பல் கையோடு வந்துவிட்டது. டைரக்டர் என் வாயைப் பார்த்தார். அடுத்த வாரமே திரையில் 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று போட்டார்கள். வேறொரு பெண் நானாகி, தாவணியில் ஓடி வந்தாள். அன்று அழுத அழுகை எந்த சீரியலிலும் அழுததில்லை. இனி என்னை யார் தேடுவார்கள்?

மறுநாள் காலை கேட்டில் அதே ஆட்கள்.

"நான் இப்ப அதுல இல்ல மாமா."

"அத யாரு கேட்டா? நாங்க என்னா டிவியா பாத்துகினு இருக்கோம்? நீ சொல்லு, என்னாச்சி?"

சொன்னேன். என் கதையில் பத்து வருஷமெல்லாம் ஓடவில்லை. பல் விழுந்த பிள்ளை அத்தையின் சாவிக்கொத்தைப் பிடுங்கி வீட்டையே ஆண்டாள். மாமா விசிலடித்தார். மாதக்கணக்கில் ஓடியது கதை.

இன்று சீரியல் எழுதுவதுதான் என் தொழில். இப்போது ஓடும் தொடரில் நடிக்கும் குழந்தைக்குப் பல் விழுந்தபோது, "வேற பிள்ளைய போட்டுரலாம் மேடம்" என்றார்கள். நடக்கவே நடக்காது என்றேன். கதையிலேயே பல்லை விழவைத்து, சாவிக்கொத்தையும் அவள் கையில் கொடுத்தேன். அந்த ஓட்டைப்பல் சிரிப்புக்காகவே ஊர் உட்கார்ந்து பார்க்கிறது. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, ஜெயித்துவிட்டேன்!

மகனோடு டவுன்ஷிப்பிலேயே இருக்கும் ஏழுமலை மாமா, நான் போனதும் செல்போனைத் தூக்கிக் காட்டினார். "எல்லாத்தியும் பாத்துட்டேன் பாப்பா. சாவிக்கொத்து நம்ம கேட்டாண்ட சொன்ன கதையாச்சே!" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மகனுக்கு இரண்டாம் ஷிப்ட்; அவனும் திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனில் பார்த்துவிடுகிறானாம்.

எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என் கதையை இன்று தமிழ்நாடே பார்க்கிறது. நேற்று என்னாச்சு என்று கேட்கத்தான் ஒருவருமில்லை.