டென்மார்க் மாடும் ஒச்சப்பன் வாயும்

ஒச்சப்பனுக்குக் கடவுள் குரலை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மற்றதிலெல்லாம் கையை இறுக்கிக்கொண்டார். சிலமலையில் அவன் தன் மாட்டை அதட்டினால் அடுத்த காட்டு மாடும் நின்றுவிடும். ஏலக்காய்த் தோட்டத்தில் மூட்டை தூக்கப் போனான். பேச்சு அதிகமென்று கங்காணி அனுப்பிவிட்டார். ஜீப்பில் கிளீனராக ஏறினான். டிரைவர் பாதி மலையில் இறக்கிவிட்டார். கடைசியில் போடி டூரிங் கொட்டகை முதலாளி காசிராஜன்தான் அந்த வாய்க்கென்றே ஒரு வேலை கொடுத்தார். விளம்பரத் தட்டி கட்டிய மாட்டுவண்டியில் தகரக் குழாயோடு ஏறி, ஊர் ஊராகப் படத்தைக் கூவ வேண்டும்.

எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு அவன் கூவியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கூவல்தான். "பத்துப் பாட்டு! நாலு சண்டை! வாங்க, வெரசா வாங்க!" அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

ஐம்பத்தாறாம் வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். அவர்கள் ஊரில் ஏலக்காய் போடாத பண்டிகை ரொட்டியே கிடையாதாம். போடி வியாபாரிகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கொண்டுவந்த படப்பெட்டிகளை வைத்து, மூன்று நாள் டென்மார்க் படவிழா என்று கொட்டகை வாசலில் வாழைமரம் கட்டினார்கள். ஒச்சப்பனும் ராசிங்காபுரம், பொட்டிபுரம் எல்லாம் போய் வழக்கம்போல் கூவிவிட்டு வந்தான். கூட்டம் மணலில் இடமில்லாமல் நெருக்கியது.

முதல் நாள் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆபரேட்டர் பால்பாண்டி அவனை ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, மத்தியானம் ஓட்டிப் பாத்தேன். பாட்டே இல்ல. சண்டையும் இல்ல. ஒரு கெழவன், ஒரு மாடு. அம்புட்டுத்தான்."

காசிராஜன் காதிலும் அது விழுந்தது. "ஒச்சப்பா, சனம் திரையக் கிழிச்சுச்சுன்னா நாளைக்கு நீ வண்டியில ஏற வேணாம்."

படம் ஓடியது. கிழவன் நடந்தான். வானத்திலிருந்து மாவு மாதிரி என்னவோ கொட்டியது. மறுபடியும் நடந்தான்.

"எலே ஒச்சப்பா, பாட்டு எங்கடா?"

"மாப்ளே, கெழவன் நடந்து முடிச்சதும் சண்டையாம்டா!"

ஒரு பிடி மணல் திரையில் போய் விழுந்தது. ஒச்சப்பன் கொட்டகைக் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றான். கங்காணியிடம் மறுபடி போனால் முதுகு தாங்குமா என்று யோசனை ஓடியது. பெண்கள் பக்கத்தில் அவன் பெண்டாட்டி குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவனே எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால், அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே பாதி ஊருக்குத் தெரியாது.

அப்போது திரையில் மாடு படுத்தது. கன்று ஈனுகிற நேரம். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. கிழவன் கயிற்றைக் கட்டி இழுக்கப் போனான்.

"இழுக்காதீரு! இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்கு!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. குருவம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தப் புள்ள சொல்றது சரிதான்," என்றார் சிலமலை சோணை. "கையை உள்ள விடுய்யா!"

கிழவன் கையை உள்ளே விட்டான். டென்மார்க்கில் சொன்னபேச்சு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சனத்துக்கு ஒரே உற்சாகம். "அது முக்கையில இழு! ஆத்தா, செத்த பொறுத்துக்க!" ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கன்று வழுக்கி வந்து விழுந்து காதை ஆட்டியதும் எழுந்த விசிலுக்குக் கொட்டகைக் கூரை பறந்திருக்க வேண்டும். ஒச்சப்பன் கம்பை விட்டான்.

படம் முடிந்தும் ஒருவரும் கலையவில்லை. சோணை நேரே டென்மார்க்காரரிடம் போனார்.

"அய்யா, உங்க ஊர்ல ஆலமரம் உண்டா?"

கூட வந்திருந்த துபாஷி அவர் பாஷையில் கேட்டுவிட்டு இல்லை என்றார்.

"அப்ப நஞ்சுக்கொடிய எதுல கட்டித் தொங்க விடுவீக? ஆலுல கட்டினாத்தான மாடு பால் கறக்கும்?"

மண்ணில் புதைத்துவிடுவோம் என்று வியாபாரி துபாஷி மூலம் சொன்னார். சனம் அவரை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தது.

காசிராஜன் ஒச்சப்பனின் முதுகில் ஒன்று வைத்தார். "காலையில வண்டியப் பூட்டுடா."

ஒச்சப்பன் பக்கத்தில் நின்ற குருவம்மாளைப் பார்த்தான். பிறகு, அந்த வேலைக்கு வந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நாளைக்குப் படத்துல என்ன இருக்கு, மொதலாளி?"