பின்கதவில் பதிந்த கை

கறுப்புக் காருக்கு மெழுகு போட்டுத் துடைத்த அன்றைக்குத்தான் ஊரிலுள்ளவர்களின் கைகள் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாட்களில் தூசி மறைத்துவிடும். எனக்கு ஒன்பது வயதில், சித்தப்பாவின் கல்யாணத்தன்று, சிவகாசியில் ஒரு மண்டபத்து வாசலில் அந்தக் கைகளோடு நான் போராடினேன். அன்று இரண்டு பொய்கள் சொன்னேன். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இருவரும் இப்போது இல்லை.

அப்பா பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். கார் அவருடையது. கல்யாணத்துக்காக டிரைவர் முந்தின நாள் முழுக்க அதற்கு மெழுகு போட்டார். பழைய பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் தடவி, மெழுகு வெளுத்துக் காய்ந்ததும் மஞ்சள் துணியால் ஒரே போக்கில் துடைத்தெடுத்தார். முடித்தபோது கதவில் என் பல் தெரிந்தது. அப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் விருதுநகருக்கு மறுவீடு புறப்படுகிறவரைக்கும் காரில் ஒரு கைரேகை இருக்கக்கூடாது. இருந்தால் முன்சீட்டு உனக்கு இல்லை என்றார். முன்சீட்டுக்குப் பெரியம்மா மகன்கள் மூன்று பேர் ஏற்கெனவே அடிபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் முதல் பந்திக்குப் போகும்போது மஞ்சள் துணியை என் தோளில் போட்டார்.

“சின்ன மொதலாளி, இன்னைக்கிக் காருக்கு மாமியா நீங்கதான். மருமக மேல ஒரு பய கை படாமப் பாத்துக்கோங்க.”

அது அவ்வளவு சுலபமாக இல்லை. மண்டபத்து வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தார்கள். கழுத்தில் பூசியது போக விரலில் மிஞ்சுவதைத் துடைக்க இடம் தேடியவர்களுக்கு எங்கள் கார் தோதாக நின்றது. சந்தனத்தை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எண்ணெய்க் கை என்றால் வாயால் ஊதி, ஆவி படர்ந்ததும் துடைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். நீலம் என்றால் அச்சாபீஸ். பிசுபிசுப்பு என்றால் லட்டு தின்ற பிள்ளைகள். கதவில் சாய்ந்து வெற்றிலை மென்ற ஒரு பெரியவரை நான் விலகச் சொன்னதும் அவர் கேட்டார்:

“ஏலே, கல்யாணம் ஒஞ் சித்தப்பனுக்கா, காருக்கா?”

எங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போட வேண்டும். சித்தப்பாவுக்கு அக்கா ஒருத்தி உண்டு. அப்பாவுக்குத் தங்கை. தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர். கம்பெனியில் லோடு ஏற்றுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அவர் தாயில்பட்டிக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. அதன்பின் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் அந்த ஊர்ப் பெயரையே யாரும் சொல்வதில்லை. அங்கே போகும் லோடைக்கூட ‘தெக்க போற லோடு’ என்பார்கள். அன்று முடிச்சுப் போட ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தியைப் பட்டுச்சேலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன் நான் முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்கதவருகே ஒரு பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மெழுகு மினுக்கத்தில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். இடது கையைக் கதவில் முழுசாக ஊன்றியிருந்தார்.

“கைய எடு!” என்று கத்தினேன். வேலைக்கு வருகிற பெண்களை ஒருமையில் அதட்டுவது எனக்குப் பழகியிருந்தது.

அவர் பதறிக் கையை எடுத்தார். கறுப்பில் ஐந்து விரலும் வெள்ளியாக இருந்தன. வாணங்களுக்கு வெளிச்சம் தரும் அலுமினியப் பவுடர். அந்த வேலையில் இருப்பவர்களின் கையை விட்டு அது போகவே போகாது.

“ஐயையோ, பட்டுருச்சா? விடியக்காலமே வெடிமருந்து ரூமுக்குப் போயி ஒரு சுத்து முடிச்சுட்டு ஓடியாறேன்யா. சீசன் பாரு, லீவு கெடையாதுன்னுட்டாக. சீயக்காப் போட்டு எம்புட்டுத் தேச்சேன்! ரேகைக்குள்ள போயி உக்காந்துகிட்டு வரமாட்டேங்குது.”

நான் துணியால் தேய்த்தேன். விரல்கள் கலைந்து, பவுடர் கதவு முழுக்க ஈஷியது.

“தேய்க்காதலே, பரவும். ஒத்தித்தான் எடுக்கணும்.” முந்தானையால் ஒற்றினார். முந்தானையிலும் பவுடர் இருந்தது. இன்னும் மோசமானது. எனக்கு அழுகை வந்தது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீ அண்ணன் மகன்தான? அப்பன் மூஞ்சிய அப்படியே வச்சிருக்க. நான் ஒன் அத்தைலே.” இடுப்பிலிருந்து பத்திரிகையை எடுத்துக் காட்டினார். “ஒஞ் சித்தப்பன் ஒங்கப்பாவுக்குத் தெரியாமக் குடுத்துவிட்டான். வாசல்ல ஒங்கப்பா நிக்காக. நான் பாட்டுக்கு நுழைஞ்சு நல்ல காரியத்துல ஒரு பேச்சு வந்துறக்கூடாது. நீ போயி, அக்கா காருகிட்ட நிக்கான்னு அவன்கிட்ட மட்டும் சொல்லு. அவன் வந்து கூப்பிட்டாப் போதும். ஒங்கப்பா ஏசுனாலும் வாங்கிக்கிட்டு முடிச்சப் போட்டுட்டு ஓடிருவேன்.”

அவர் என் அத்தை என்று நான் நம்பவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையில்லை. பாதி நம்பினேன். ஆனால் அவர் உள்ளே போனால், பிறகு இந்தக் காரில் ஏறுவார், அந்தக் கையோடு எல்லா இடத்தையும் தொடுவார். என் முன்சீட்டு போய்விடும். நான் யோசித்தது இவ்வளவுதான்.

மண்டபத்துக்குள் போவதுபோல் போய் ஒரு தூணின் மறைவில் நின்றேன். அங்கிருந்து கார் தெரிந்தது. மறுபடியும் தொடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றார். போய்வர ஆகும் நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியதும் திரும்பி வந்தேன்.

“சித்தப்பா வர முடியாதுன்னுட்டாக. ஒங்களப் போகச் சொன்னாக.”

பொய் சொல்லும்போதுதான் எனக்கு மரியாதை வந்தது.

“அவனா சொன்னான்?”

“ஆமா.”

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அத்தை மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மேளம் ஓயும்வரை கையை இறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “சாப்பிட்டியாலே?” என்றார்.

“இல்ல.”

“போயிச் சாப்பிடு. வெயில்ல நிக்காத.” என் கன்னத்தை நோக்கி வந்த கை பாதியில் நின்றது. “வேணாம், அப்பிக்கிடும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

சித்தப்பா மாலையோடு வெளியே வந்தபோது பின்கதவில் அந்த வெள்ளித் தீற்றல் அப்படியே இருந்தது. நான் அதை மறைத்து நின்றேன். அவர் என்னை மெதுவாக நகர்த்திவிட்டுப் பார்த்தார். அப்பா சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா என் காதருகே குனிந்தார்.

“யாருலே வந்தது?”

“ஒரு அத்தை.”

“உள்ள கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன் சித்தப்பா. வரமாட்டேன்னு போயிட்டாக.”

அவர் இன்னும் குனிந்து கதவைப் பார்த்தார். மாலையிலிருந்து ஒரு பூ அந்தத் தீற்றலில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அக்கா வாசல்வரை வந்தும் வீம்பாகத் திரும்பிப் போனதாகச் சித்தப்பா நம்பினார். தம்பி போகச் சொன்னதாக அத்தை நம்பினார். சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் கோபம் ஒருநாள் தணிந்துதான் போனது. ஆனால் அப்போது யார் யாரைக் கூப்பிடுவது? எம்.ஏ. படிக்கும்போது ஒருமுறை தாயில்பட்டியில் இறங்கி, வேலை விட்டு வரும் பெண்களைக் கம்பெனி வாசலில் நின்று பார்த்தேன். எத்தனையோ பேரின் கைகள் வெள்ளியாக இருந்தன. முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் சொல்லி விசாரித்திருக்கலாம். விசாரித்தால் கிடைத்துவிடுவாரே என்று பயந்து அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன். இந்த வயதில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க யாரும் இல்லை. பாதியில் நின்ற அந்தக் கை என் கன்னத்தில் பட்டிருக்கக்கூடாதா என்று நினைக்காத நாள் குறைவு.

அன்று எனக்கு முன்சீட்டு கிடைத்தது. அப்பா கறையைக் கவனிக்கவே இல்லை. கார் கிளம்பியதும் சித்தப்பா டிரைவரிடம், “பஸ் ஸ்டாண்டு வழியாப் போங்க. மெதுவா,” என்றார். விருதுநகருக்கு அது சுற்றுவழி. டிரைவர் அந்தப் பக்கம் திருப்பினார். தெற்கே போகும் பஸ்கள் நிற்கும் பக்கம் வந்ததும் சித்தப்பா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ஒவ்வொரு பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். “இன்னொரு சுத்து,” என்றார். மறுபடியும் சுற்றினோம்.

காரை ஊருக்கெல்லாம் காட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் ஜன்னல் வழியாக உடம்பை நீட்டி, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கையாட்டினேன்.