கதிரையில் தொழுகை

“ரஜப் பிறை ஒன்பது, புதன். லுஹரைக் கதிரையில் இருந்து தொழுதாள். கேட்டால் முழங்கால் என்கிறாள். நம்பவில்லை.”

என் மனைவியைப் பற்றி நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். முதல் மழை பெய்த நாள், வாவியின் முகத்துவாரம் வெட்டிய நாள் என்று எதையும் தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அன்று காலைதான் கிணற்றடியில் குந்தியிருந்து இறால் உரித்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் சட்டியை வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கை ஊன்றாமல் எழும்பினாள். முழங்கால் வலிக்காரி அப்படி எழும்ப மாட்டாள்.

அவளுக்குப் பல வருடங்களாக ருமட்டொயிட் வாதம். விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. கிளினிக்கும் மாத்திரையும் எங்களுக்குப் பழகிப்போனவை. மாத்திரையை நிறுத்திவிட்டு மறைக்கிறாளோ என்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அட்டைகள் ஒழுங்காகத்தான் குறைந்திருந்தன.

அதன் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். தலையைக் குனியாமல், நின்றபடியே முழுகினாள். படியிறங்கும்போது காலைப் பார்க்கவேயில்லை.

“என்னங்க, சிஐடி வேலை கிடைச்சிட்டா?” என்றாள்.

“உன்ட முழங்காலப் பாக்கன்.”

“பாத்துப் பாத்து அதுக்குக் கண்ணூறு பட்டிரும்.”

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், என் தஸ்பீஹ் மாலையை வேண்டுமென்றே அவள் காலடியில் நழுவவிட்டு, எடுத்துத் தரச் சொன்னேன். முதுகும் கழுத்தும் நேராக இருக்க மெல்லக் குந்தினாள். கண் சுவரைப் பார்த்திருந்தது. கை மட்டும் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. மாலை விரலில் பட்டும் அது அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் அவளுடைய தங்கை அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

“மச்சான், ராத்தாக்கு முழங்காலும் இல்ல, ஒண்டுமில்ல. தலையக் குனிஞ்சா முதுகால கரண்ட் அடிக்குதாம். நெத்திய நிலத்துல வெச்சு சுஜூது செய்யேலாது. கையும் விறைச்சுப் போகுது.”

“வாய மூடுடி!” என்றாள் மனைவி.

“நீ மூடு. உம்ராக்குப் போகோணும் எண்டு ஊமையா இருந்தா எல்லாம் சரியாகிருமா?”

அடுத்த மாதமான ஷஃபானில் மக்காவுக்கு உம்ராப் பயணம் போகும் குழுவில் சகோதரிகள் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “சொன்னா விடுவீங்களா நீங்க?”

தங்கையும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே கழுத்தை நிமிர்த்தி ஒரு எக்ஸ்ரே, டொக்டர் பக்கத்தில் நின்று மெதுவாகக் குனியவைத்து இன்னொன்று எடுத்தார்கள். மண்டைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் இணைநாரை வாதம் அரித்துவிட்டது, குனியும்போது அவை விலகி, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் நரம்பை நெரிக்கின்றன என்றார் டொக்டர். கழுத்தை யாரும் திருப்பவோ எண்ணெய் போட்டு உருவவோ கூடாது என்றார். கழுத்துப் பட்டி போட்டு, கொழும்புக்குச் சத்திரசிகிச்சைக்கு எழுதினார்.

“உம்ரா?” என்றாள் மனைவி.

“இப்ப ஏலாதும்மா. கை விறைப்பு எப்ப தொடங்கின? முண்ணாண் நெரிபட்டுக் கனநாள் எண்டா, ஒப்பரேசன் செய்தாலும் கை முழுசாத் திரும்பும் எண்டு சொல்லேலாது.”

“இந்த ரஜப்லதான்,” என்றாள் உடனே. அவ்வளவு விரைவாக அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் தங்கை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “பொய் மச்சான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கே ராத்தாட கையால இறைச்சிச் சட்டி விழுந்திச்சி.”

அந்தப் பெருநாளுக்கு நான் ஏறாவூரில் என் உம்மா வீட்டில் இருந்தேன். சட்டி வழுக்கியது என்கிறாள் மனைவி. தங்கை பெரிதுபடுத்தும் குணமுள்ளவள். மனைவி எதையும் சிறிதாக்குபவள். இருவரில் யாரை நம்புவது?

தங்கை குழுவோடு போய்விட்டாள். மனைவி கழுத்துப் பட்டியோடு கொழும்புத் தேதிக்குக் காத்திருக்கிறாள். சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன். கை விறைப்பு ரஜபில் தொடங்கியதா, அதற்கு ஏழு மாதம் முந்திய ஹஜ்ஜுப் பெருநாளிலேயே இருந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.