அளவெடுத்தும் கொடுக்காத ஜாக்கெட்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். சில வருடங்களுக்கு முன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஃபேக்டரி ஆண்கள் எல்லோருக்கும் குளிர் தாங்கும் ஃபிளீஸ் துணியில் ஜாக்கெட் தைக்கச் சொன்னார். நெஞ்சில் எஸ்டேட் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் வருவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இல்லையா என்று கேட்டேன். அவர்கள் போட்டோவில் வர மாட்டார்கள் என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். தேயிலை உலர்த்தும் ட்ரையரின் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் ஒருவர் இருந்தார். சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அடுப்பு வெக்கையில் நின்று வியர்த்துவிட்டு, அப்படியே பனியில் இறங்கி வீட்டுக்கு நடப்பார். வருடம் முழுக்க இருமல்.

அளவெடுக்கும்போது அவர் சொன்னார்: "காலரை நல்லா உசத்தி வைக்கச் சொல்லுங்க ஐயா. குளிரு கழுத்து வழியாத்தான் உள்ளுக்குப் போகுது. கையும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. எல்லோருக்குமே அப்படித் தைக்க முடிவு செய்தேன். திருப்பூரில் மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் துணி இரண்டு துவைப்புக்கே உருண்டை உருண்டையாய்த் திரளும் என்று தடவியதுமே தெரிந்தது. இன்னொரு இடத்தில் முத்திரையை அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள். எனக்கு நூலில் தைத்தது வேண்டும். மூன்றாவது இடத்தில் எல்லாம் அமைந்தது.

ஆர்டர் கொடுப்பதற்கு முந்தின நாள் மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு பெயர்களை அடித்தார்.

"ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆறவங்களுக்கு நம்ம பேர் போட்ட ஜாக்கெட் எதுக்கு? வெளிய போட்டுட்டு சுத்தறதுக்கா?"

அந்த நான்கில் விறகு தள்ளுகிறவர் பெயரும் இருந்தது. "அளவெடுத்தாச்சுங்க சார்" என்றேன். மேனேஜர் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். மற்ற மூவரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். விறகு தள்ளுகிறவரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

கொடுக்கிற நாளில் அவரும் வரிசையில் நின்றார். பெயர்களை நான்தான் படித்தேன். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்தார்.

"நம்ம பேரு விட்டுப்போச்சுங்களா ஐயா?"

"துணி பத்தலைங்க. அடுத்த லாட்டுல வந்துரும்."

"சரிங்க ஐயா."

அடுத்த லாட் என்று ஒன்று கிடையாது. அவர் வாரா வாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன்: நூல் தீர்ந்துவிட்டது, மெஷின் ரிப்பேர், லாரி வரவில்லை. ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கட்டபெட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் கோத்தகிரி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மகளுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். என் உடம்பில் அந்த ஜாக்கெட் இருந்தது. திருப்பூர் கம்பெனி மாதிரிக்குத் தைத்து அனுப்பியதை நானே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் ஜாக்கெட்டின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல துணிதான். காலரும் நல்லா வந்திருக்கு."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க ஐயா. பி.எஃப். பேப்பருக்கு கையெழுத்துப் போட வந்தேனே, அன்னிக்கு மேசையில பட்டியல் கிடந்துச்சு. என் பேருல சிவப்புக் கோடு போட்டிருந்துச்சு."

"அப்புறம் எதுக்குங்க வாரா வாரம் வந்து கேட்டீங்க?"

"நீங்க வாயால ஒருதரம் சொல்லிருவீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இருமினார். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பக்கத்தில்தான் இறங்குகிறேன் என்று அவரிடம் இன்னொரு பொய் சொன்னேன். கோத்தகிரி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன்.